சுருதிக்காக விழித்திருந்த கணினி

பெயர்: ஜவஹர். வயது: 42. த/பெ குலாம் ரசூல். விலாசம்: எண் 14/6, பஷீர் சாகிப் தெரு, திருவல்லிக்கேணி, சென்னை. தொழில்: கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், கொன்றைக்கூடு அறக்கட்டளை, அடையாறு. வாக்குமூலம் பதிவான நாள்: 06.03.2025, வியாழக்கிழமை, காலை 10.40 மணி.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி ஷகீலா, இரண்டு மகள்கள், என் தகப்பனார் ஆகியோருடன் வசித்து வருகிறேன். கொன்றைக்கூட்டில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். வீட்டில் அடி உதைக்கும் கொலை மிரட்டலுக்கும் தப்பி வந்த பெண்களை வெளியே தெரியாத வீடுகளில் தங்கவைத்துக் காப்பது எங்கள் அமைப்பின் வேலை. இந்த வழக்கில் எங்கள் ஆவணப் பொறுப்பாளர் திருமதி காமாக்ஷி, வயது 58, கடந்த 25.02.2025 அன்று கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பகுதி உண்மையல்ல. அதை அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். அதை வைத்து அவரையும் குற்றம் சாட்டப்பட்டவர்களோடு சேர்த்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். அந்தப் பகுதியைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்களிடம் தங்கும் பெண்களை நாங்கள் எண்ணால்தான் குறிப்பிடுவோம். பெயர், தங்கியிருக்கும் வீட்டின் முகவரி, வழக்கு விவரம் எல்லாம் அடையாறு அலுவலகத்தின் உள்வலையில் இருக்கின்றன. இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் எண் 31. அவரை அப்படியே குறிப்பிட அனுமதிக்கும்படி கேட்டேன், இன்ஸ்பெக்டர் அனுமதித்தார்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்கள் விபிஎன் என்று சொல்லப்படும் தனிவழி மூலம் அந்த உள்வலைக்குள் வருவார்கள். அப்படி ஒருவர் வந்துவிட்டால் அவருடைய சாப்பாட்டு மேசையும் எங்கள் அலுவலகத்தின் ஓர் அறையாகிவிடுகிறது, ஆனால் அந்த அறைக்கு வாட்ச்மேன் கிடையாது. ஆகவே அலுவலகம் கொடுத்த மடிக்கணினியைத் தவிர வேறு எதிலும் இணையக்கூடாது, வீட்டார் அதைத் தொடக்கூடாது, எங்களுக்குத் தெரியாத எந்தச் செயலியும் அதில் இருக்கக்கூடாது, ஐந்து நிமிடம் கை படாவிட்டால் கணினி தானாக உறங்கி இணைப்பும் அறுந்துவிட வேண்டும் என்ற விதிகளை நான்தான் எழுதினேன். உறங்கினால் மறுபடி கடவுச்சொல் கொடுத்துத்தான் எழுப்ப முடியும். இந்த ஐந்து நிமிடத்தை ஊழியர்கள் தாங்களாக மாற்ற முடியாது, அதற்கான கடவுச்சொல் என்னிடம் மட்டுமே உண்டு. இவற்றில் நான் கறாரானவன். அலுவலகத்தில் பின்னால் என்னைப் பூட்டு பாய் என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திருமதி காமாக்ஷி பத்தொன்பது வருடமாக ஆவணப் பொறுப்பில் இருக்கிறார். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே தரைத்தள வீட்டில் கணவர் ராமானுஜத்துடன் வசிக்கிறார். கடந்த நவம்பரில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, அதன் பிறகு வாக்கர் பிடித்து நடப்பதால் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், நன்றாகப் பாடக்கூடியவர். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்ததில் அவருக்குப் பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது, ஆனால் சுருதி போட்டுவிட்டால் பழகிய ராகத்தை இழுக்க வரும், சில நாள் இரண்டு வார்த்தை கூட வரும். தினமும் காலையும் மாலையும் சுருதி கேட்டபடி இருக்கட்டும் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார்.

09.12.2024 திங்கட்கிழமை காலை சுமார் 11 மணிக்கு திருமதி காமாக்ஷி என்னைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டிலிருந்த சுருதிப் பெட்டி கெட்டுவிட்டது, மாட வீதியில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், டிசம்பர் சீசன் என்பதால் கச்சேரிக்காரர்களின் பெட்டிகளே வரிசையில் கிடக்கின்றன, பொங்கல் கழித்துத்தான் தரமுடியும் என்கிறார் கடைக்காரர் என்று சொன்னார். கைபேசியில் தம்பூரா போட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் சுருதி அறுந்துவிடுகிறது, திருமதி காமாக்ஷிக்கோ ஒரு நாளைக்கு முப்பது அழைப்பு வரும், எடுக்காமல் இருக்கக்கூடிய அழைப்புகள் அல்ல அவை. அதனால் அலுவலக மடிக்கணினியில் தம்பூரா ஒலிக்கும் செயலி ஒன்றைப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். விதிப்படி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அடையாற்றில் இருந்தபடியே அவர் கணினிக்குள் போய் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மறுபடி அழைத்தார். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் இது தூங்கிப்போயிடறது ஜவஹர். அவர் பாடிண்டிருக்கச்சே சுருதி நின்னா பொலபொலன்னு அழறார். என்னால பாக்க முடியல" என்றார். பின்னால் ஒரு ஆண் குரல் எதையோ இழுத்து நடுவில் நிறுத்துவது எனக்குக் கேட்டது. "சரி மாமி, பெட்டி வர வரைக்கும் தூங்காம வெக்கிறேன். வந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க" என்றேன். அதன் பிறகு அவருடைய கணினிக்கு மட்டும் ஐந்து நிமிட உறக்கத்தை எடுத்துவிட்டு, விதிவிலக்குப் பட்டியலில் அவர் பெயர், காரணம், என் பெயர், முடியும் நாள் 20.01.2025 என்று ஒரு வரி எழுதினேன். பதினொரு வருடத்தில் அந்தப் பட்டியலில் எழுதப்பட்ட ஒரே வரி அதுதான். ஒரு புதுச் சுருதிப் பெட்டி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்த வாக்குமூலம் தேவைப்பட்டிருக்காது. அது எனக்கு அன்று தோன்றவே இல்லை, இப்போது தினமும் தோன்றுகிறது.

20.01.2025 அன்று நான் பட்டியலைப் பார்க்கவில்லை. 22.01.2025 புதன்கிழமை மதியம் 12.15 மணிக்கு திருமதி காமாக்ஷி எனக்கு அனுப்பிய செய்தி: "பெட்டி வந்துடுத்து. பழையபடி மாத்திடு." அதற்கு நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். அப்போது அலுவலகத்தில் யுபிஎஸ் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் பிறகு நான் மாற்றவில்லை. நான் கட்டைவிரல் காட்டியதால் மாற்றிவிட்டேன் என்றே அவர் நம்பியிருந்தார். வேலை நேரத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் கை எடுக்கிறவர் அல்ல, வேலை முடிந்ததும் மூடியை மூடிவிடுவார், ஆகவே கணினி உறங்காமல் இருந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு செய்திகளும் உள்ள என் கைபேசியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

21.02.2025 வெள்ளிக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. திருமதி காமாக்ஷி சொன்னதிலிருந்தும் கணினிப் பதிவுகளிலிருந்தும் சொல்கிறேன். காலை 11.02-க்கு அவர் கடைசியாக ஒரு வரி தட்டச்சு செய்திருக்கிறார். அப்போது அழைப்புமணி அடித்திருக்கிறது. சுமார் ஐம்பது வயது ஆணும் அதே வயதுப் பெண்ணும், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு வந்து, பெயர் சொல்லி அழைத்து, நமஸ்காரம் செய்து, தங்கள் மகளுக்குத் தி.நகர் மண்டபம் ஒன்றில் கல்யாணம், மாமாவும் மாமியும் அவசியம் வரவேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவருக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. "பத்திரிகையோட வந்து நமஸ்காரம் பண்றவாள நீங்க யாருன்னு எப்படிக் கேக்கறது? எனக்குத்தான் ஞாபகம் போயிடுத்துன்னு நெனச்சுண்டேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். இதில் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் பத்திரிகை கொண்டு வந்தவரை உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, வாசல்வரை போய் அனுப்பிவிட்டுத்தான் யார் என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். நான் எழுதிய விதிகளில் பூட்டை உடைக்கும் திருடன் இருந்தான், வைரஸ் இருந்தது, பத்திரிகை கொடுக்க வருகிறவர் இல்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுவரை விசாரித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, 11.14 மணி வாக்கில் திருமதி காமாக்ஷி குங்குமமும் காபியும் கொண்டுவர வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். கணினி கூடத்தில் சாப்பாட்டு மேசைமேல் திறந்திருந்தது. 11.17-க்கு அதில் எண் 31-இன் முழுப்பெயர் தட்டச்சு செய்யப்பட்டுத் தேடப்பட்டிருக்கிறது, 11.18-க்கு அவருடைய பக்கம் திறந்திருக்கிறது, 11.20-க்கு மூடப்பட்டிருக்கிறது. திருமதி காமாக்ஷி கடைசியாகத் தொட்டதற்கும் இந்தத் தேடலுக்கும் இடையே பதினைந்து நிமிடம். நான் செய்யவேண்டியதைச் செய்திருந்தால் அந்தக் கணினி 11.07-க்கே உறங்கியிருக்கும்.

அப்போது கூடத்தில் ஜன்னல் ஓரம் நாற்காலியில் திரு. ராமானுஜம் இருந்தார். ரிப்பேராகி வந்த சுருதிப் பெட்டி பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கணினித் திரையைக் கைபேசியில் படம் எடுத்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். அவருக்குக் கூப்பிட வராது. ஆகவே குரலை மேலே ஏற்றி ஏற்றிப் பாடியிருக்கிறார். "யாரோ வந்திருக்கான்னதும் குஷியாயிட்டார்னு நெனச்சேன் ஜவஹர். உள்ளேர்ந்தே சபாஷ்னேன்" என்று திருமதி காமாக்ஷி சொன்னபோது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, என்னால் பார்க்க முடியவில்லை. வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு 11.35-க்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் எண் 31-இன் கணவருடைய அக்கா என்பதும், எண் 31-க்காகப் போட்ட நீதிமன்ற மனுவில் அமைப்பின் சார்பில் கையெழுத்திட்டிருந்த காமாக்ஷி என்ற பெயரை வைத்து வீட்டைத் தேடி வந்தார்கள் என்பதும், அந்த மண்டபத்தில் அப்படி ஒரு கல்யாணமே இல்லை என்பதும் இன்ஸ்பெக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் 22.02.2025 சனிக்கிழமை பகல் 3.30 மணிக்கு எண் 31-இன் கணவரும் வேறு இருவரும் திருவான்மியூரில் அவர் தங்கியிருந்த எங்கள் அமைப்பின் வீட்டுக்குப் போய்க் கதவை உடைத்தார்கள். அவர் கையில் அரிவாள் இருந்தது. எண் 31 முதல் மாடியின் பின்பக்கத்திலிருந்து குதித்தார். அக்கம்பக்கத்தார் கூடியதால் வந்தவர்கள் ஓடினார்கள். எண் 31-க்கு இரண்டு காலிலும் எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. அந்த வீட்டில் இருந்த மற்ற ஆறு பெண்களை மாலைக்குள் ஆளுக்கொரு இடமாக மாற்றினோம்.

எனக்குச் செய்தி வந்தது மாலை 5.10 மணிக்கு. உடனே அலுவலகம் போய், யார் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று பதிவுகளைப் பார்த்தேன். காமாக்ஷியின் கணினி என்று வந்தது. அதன் பிறகு அது ஏன் உறங்கவில்லை என்று பார்த்தேன். அதன் பிறகு விதிவிலக்குப் பட்டியலைத் திறந்து, நான் எழுதியிருந்த அந்த ஒரே வரியைத் தெரிந்தே அழித்தேன். அப்போது மணி 6.25. பயந்துபோயிருந்தேன். வேலை போய்விடும் என்பதுதான் மனதில் இருந்தது, எண் 31-இன் கால் இல்லை. இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் உள்வலையில் தினமும் நடக்கும் மாற்றங்களை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கும்படி ஏற்பாடு செய்திருப்பதும் நான்தான், ஆகவே அழித்த வரி, அழித்த நேரம், அழித்தவர் பெயர் எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த நகலைப் பென் டிரைவில் கொண்டு வந்து ஒப்படைக்கிறேன்.

விசாரணையில் எண் 31-இன் நாத்தனார், காமாக்ஷி அம்மாதான் கணினியில் எடுத்துக் காட்டினார் என்று சொன்னதாக அறிந்தேன். கணினி ஏன் பூட்டப்படவில்லை என்ற கேள்விக்கு, 25.02.2025 அன்று திருமதி காமாக்ஷி, உறக்கத்தை நானேதான் எடுத்துவிட்டேன், ஜவஹருக்கு இது தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அவரால் அதை எடுக்க முடியாது. அதற்கான கடவுச்சொல் அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளக் கேட்கிறேன். நான் பார்த்த பதினொரு வருடத்தில் அவர் ஒரு பெண்ணைக்கூடப் பெயரால் தேடியதில்லை, எண்ணால் மட்டுமே தேடுவார். பெயரைத் தட்டச்சு செய்து தேடியது 21.02.2025 காலை 11.17-க்கு, அந்த ஒரு முறைதான். அது அவருடைய கை இல்லை. இந்தப் பதிவுகளும் அதே பென் டிரைவில் உள்ளன.

அவர் அப்படிச் சொன்ன அன்று மாலை நான் அவரை அழைத்து, ஏன் மாமி என்று கேட்டேன். "நீ போயிட்டா மத்தவா பூட்டையெல்லாம் யார் பாத்துப்பா? எனக்கு எப்படியும் ரிடையர் ஆற வயசு" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். 27.02.2025 அன்று அறக்கட்டளை அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. அந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பியதும், அவருடைய இணைப்பைத் துண்டித்ததும் நான்தான், அது என் வேலை என்பதால். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் நோன்பு தொடங்கியது. நாள் முழுக்கப் பசியை அடக்கிவிட்டு, சொல்லவேண்டியதையும் அதோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில், நான் சொல்வதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நிலைய ரைட்டர் தேநீர் குடிக்க எழுந்தார். இந்த வாக்குமூலம் திரையில் திறந்தபடியே இருந்தது, வாசலில் வேறு வழக்குக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கணினியைப் பூட்டிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே பூட்டிவிட்டுப் போனார். இதையும் எழுதச் சொன்னேன்.

நேற்று 05.03.2025 மாலை 4 மணிக்கு, எண் 31-இன் அடையாள அட்டை நகலில் கையெழுத்து வாங்குவதற்காக மருத்துவமனைக்குப் போனேன். வழக்கமாக இது திருமதி காமாக்ஷி செய்யும் வேலை, அவர் இல்லாததால் என்னை அனுப்பினார்கள். எங்களிடம் தங்கிய பெண்களில் ஒருவரை நான் நேரில் பார்ப்பது அதுவே முதல்முறை. என் மூத்த மகளைவிட எட்டு, ஒன்பது வயது அதிகம் இருக்கும். இரண்டு காலிலும் கட்டு. நான் யார் என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்றேன். "இந்த ஆஸ்பத்திரி, பெட் நம்பர் அல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல கீதா சார்?" என்று கேட்டார்.

இருந்தது. 22.02.2025 இரவு அவரைச் சேர்த்த உடனே, வார்டு எண், கட்டில் எண்ணோடு நான்தான் ஏற்றியிருந்தேன், விதி அப்படி. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதன் பிறகு அடையாறு அலுவலகத்துக்குப் போய், இயக்குநரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, அவர் அனுமதியோடு அந்தப் பதிவை நீக்கினேன், அதன் நகலையும் நீக்கினேன். எண் 31 குணமானதும் எங்கே போவார் என்பதைக் கணினியில் ஏற்றுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அதைத் திருமதி காமாக்ஷியிடம் மட்டும் சொல்வேன் என்று எண் 31 இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த முகவரி எனக்குத் தெரியாது, நீங்கள் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

அதன் பிறகு நோன்பு திறந்துவிட்டு, திருமதி காமாக்ஷியை அழைத்து, நாளை நிலையத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன். "உன்னை யார் கேட்டா? பொண்கொழந்தைகள் இருக்கா உனக்கு" என்று கோபப்பட்டார். "பூட்ட தொறந்து வெச்சவன் நான் மாமி. சாவி உங்க கைல இருந்திச்சுன்னு எழுதி வெச்சிருக்காங்க. அத எப்டி வுட்டுட்டு நான் தூங்குறது?" என்றேன். அந்தப் பக்கம் சுருதிப் பெட்டி ஒலிப்பது எனக்குக் கேட்டது. திருமதி காமாக்ஷி, "அவர் பாடறதையே நிறுத்திட்டார் ஜவஹர், அன்னிலேர்ந்து. சுருதி போட்டாலும் வாயைத் திறக்கறதில்லை" என்றார்.

கணினியை உறங்காமல் வைத்தது நான். திரும்ப மாற்றச் சொல்லியும் மாற்றாதது நான். வரியை அழித்தது நான். திருமதி காமாக்ஷி செய்தது, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுத்தது. இந்த வழக்கிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வரவேண்டியது எதுவானாலும் வரட்டும்.

மேலே உள்ளதை ரைட்டர் எனக்கு வாசித்துக் காட்டினார், கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் அறிந்தவரை அத்தனையும் உண்மை. ஓர் இடத்தில் மட்டும், பட்டியலில் இருந்த வரியை நான் "தவறுதலாக" அழித்தேன் என்று அச்சாகியிருந்தது. அப்படியே இருந்தால் உங்களுக்கு நல்லது என்று ரைட்டர் சொன்னார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே "தெரிந்தே" என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
ஜவஹர்
06.03.2025, பகல் 1.20 மணி